பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்: மாணவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியவை

மந்தைவெளியில் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "சார், பாலிடெக்னிக்ல சேர்த்தா இவன் படிப்பு அதோட முடிஞ்சிடுமா?" மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் பாலிடெக்னிக் என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டுமல்ல, ஆசிரியர் அறையிலும் இருக்கிறது. அதனால் இக்கேள்விக்கு விவரங்களோடு பதில் சொல்வது நம் கடமை.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல். விழுப்புரத்தைச் சேர்ந்தவர். தந்தை ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளர். ரயில்வே பள்ளியில் படித்த அவர், மேல்நிலை வகுப்புக்குச் செல்லாமல் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்றார். பிறகு சென்னையில் தனியார் கல்லூரியில் பி.இ., திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலை, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். பணி இஸ்ரோவில்.

எல்லோரும் அந்த உயரத்தை எட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பாதை திறந்தே இருக்கிறது என்பதற்கு இது சான்று.

ஆண்டுக் கணக்கையும் பெற்றோருக்கு எழுதிக் காட்டலாம். மேல்நிலை 2 ஆண்டு, பொறியியல் 4 ஆண்டு, மொத்தம் 6. பாலிடெக்னிக் 3 ஆண்டு, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை வழியாகப் பொறியியல் 3 ஆண்டு, இதுவும் 6. ஓர் ஆண்டுகூட வீணாவதில்லை. பாலிடெக்னிக் வழியில் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே வேலைக்குத் தகுதியான சான்றிதழ் கையில் இருக்கும். முதல் வகுப்பில் பட்டயம் பெற்றவர்களை இஸ்ரோவே தொழில்நுட்ப உதவியாளர்களாகத் தேர்வு செய்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

சிக்கலையும் மறைக்கக் கூடாது. நேரடி இரண்டாம் ஆண்டில் சேருபவர் பொறியியல் முதலாண்டு வகுப்புகளில் அமராமலே வருகிறார். நுண்கணிதம் அங்கே தடுமாற வைக்கும். பட்டயப் படிப்பின்போதே கணிதத்தை விடாமல் படிக்கச் சொல்ல வேண்டும். மருத்துவம் படிக்க விரும்பும் மாணவருக்கு இப்பாதை பொருந்தாது. அவர் மேல்நிலையில் அறிவியல் பிரிவில்தான் சேர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. ஆய்வகத்தில் மின்சுற்றை ஆர்வத்தோடு இணைப்பவர், பழுதான மின்விசிறியைப் பிரித்துப் பார்ப்பவர் யார் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கவனித்துக் குறித்து வைக்கலாம். தேர்வில் தெரியாத திறமை அங்கே தெரியும்.

2. மாணவர்களையும் பெற்றோரையும் அருகிலுள்ள அரசு பாலிடெக்னிக்கிற்கு அழைத்துச் செல்லலாம். எங்கள் பகுதியிலிருந்து பறக்கும் ரயிலில் சில நிலையங்கள் தள்ளித் தரமணியில் மத்திய பாலிடெக்னிக் கல்லூரியும், பெண்களுக்கான டாக்டர் தருமாம்பாள் அரசு பாலிடெக்னிக் கல்லூரியும் உள்ளன. பணிமனையை நேரில் பார்த்தால் பெற்றோரின் தயக்கம் பெருமளவு குறையும்.

3. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை பட்டயப் படிப்புக்கும் உண்டு. அவற்றுக்கான நிபந்தனைகளைப் படித்து, தகுதியுள்ள மாணவரின் சான்றிதழ்களை முன்பே தயார் செய்யலாம்.

4. பள்ளியில் படித்துப் பட்டயம் முடித்த முன்னாள் மாணவரை அழைத்துப் பேச வைக்கலாம்.

விண்ணப்பிக்கும் காலம் குறுகியது. எனவே தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், மூன்றாம் பருவத்திலேயே இந்த உரையாடலைத் தொடங்கிவிடுவது நல்லது.