முடிச்சு முன்னாலா, பின்னாலா?

"தாம்பரத்தில் இறங்கி, நடைமேம்பாலம் ஏறி, சண்முகம் ரோட்டில் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்." போர்டில் இதை எழுதிவிட்டு, இதில் இணைப்புச் சொல் எத்தனை என்று கேட்பேன். வகுப்பே விரல்விட்டு எண்ணும். ஒன்றுகூட இல்லை. இறங்கி, ஏறி, வாங்கிக்கொண்டு என்ற வினையெச்சங்களே வேலையை முடித்துவிடுகின்றன.

இதையே இங்கிலீஷில் சொல்லச் சொன்னால், "ஐ காட் டவுன் அட் தாம்பரம் அண்ட் தென் ஐ க்ளைம்ப்ட் அண்ட் தென் ஐ பாட் வெஜிடபிள்ஸ் அண்ட் தென்..." என்று வீடு போய்ச் சேர்வதற்குள் மூச்சு முட்டிவிடும். நாலு செயலுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'அண்ட்' போதும். அதுவும் கடைசிச் செயலுக்கு முன்னால்தான். மற்ற இடத்தில் காற்புள்ளி. "ஐ காட் ஆஃப் அட் தாம்பரம், க்ளைம்ப்ட் த ஃபுட்பிரிட்ஜ், பாட் வெஜிடபிள்ஸ் ஆன் சண்முகம் ரோட் அண்ட் வென்ட் ஹோம்." 'ஐ'யும் ஒரு தடவைதான்.

முடிச்சூர் ரோட்டில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் முடித்து வரும் பெண்கள், வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகள், பேரனோடு பேச வேண்டும் என்று வரும் பெரியவர்கள் எல்லாரும் தடுக்கிவிழும் இடம் இந்த இணைப்புச் சொற்கள்தான். கடினமான வார்த்தைகளா என்றால் இல்லை. அண்ட், பட், பிகாஸ் தெரியாதவர் யார்? எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். திராவிட மொழிகள் இணைப்புச் சொல்லைவிட எச்சங்களையே விரும்புகின்றன என்று கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே குறித்திருக்கிறார். ஆகவே இது மக்குத்தனம் இல்லை, தாய்மொழிப் பழக்கம்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எழுதி வரச் சொன்னேன். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டி, முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடிய மழை அது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஒரு பெண் எழுதியிருந்தாள்: "இட் ரெய்ன்ட் ஹெவிலி பிகாஸ் முடிச்சூர் வாஸ் ஃப்ளடட்." முடிச்சூர் மூழ்கியதால் மழை பெய்ததாம்! அவள் மனசில் ஓடியது "மழை கொட்டிச்சு, அதனால முடிச்சூர் மூழ்கிடுச்சு" என்பதுதான். 'அதனால' நின்ற நடு இடத்தில் 'பிகாஸ்' வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த இடத்துக்கு உரியது 'ஸோ'. 'பிகாஸ்' எப்போதும் காரணத்தின் தலைமாட்டில் நிற்கும். வாக்கியத்தில் காரணம் முதலில் வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி, அதன் இடம் மாறாது. தமிழில் 'பெய்ததால்' என்கிறோம். நம் 'ஆல்' காரணத்தின் வாலில் ஒட்டிக்கொள்கிறது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "மழை பெய்தாலும் வேலைக்கு வந்தேன்." இரண்டு துண்டும் சந்திக்கிற இடத்திலேயே தமிழ் முடிச்சுப் போட்டுவிடுகிறது. இங்கிலீஷ் 'ஆல்தோ'வை வாக்கியத்தின் வாசலிலேயே வைத்துவிட்டு, சந்திக்கிற இடத்தை வெறும் காற்புள்ளியோடு விட்டுவிடும். அந்த வெற்றிடம் தமிழ்க் காதுக்குப் பொறுக்காது. ஒரு 'பட்' போட்டு நிரப்பிவிடுகிறோம்: "ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஐ கேம்." 'பிகாஸ்' என்று தொடங்கினால் நடுவில் ஒரு 'ஸோ'. வேலைக்கு எழுதும் விண்ணப்பங்களில் நான் அதிகம் சிவப்பு மை செலவழிப்பது இந்த இரண்டுக்குத்தான். ஒரு வாக்கியத்தில் இரண்டு துண்டு இருந்தால் ஒரு முடிச்சுப் போதும். 'ஆல்தோ' வேண்டுமா, 'பட்'டை அடியுங்கள். 'பட்' பிடிக்குமா, 'ஆல்தோ'வை அடியுங்கள்.

சந்தேகம் வந்தால் லீவ் லெட்டரை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் இங்கிலீஷ் வாக்கியம் அது: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் த ஸ்கூல்." நடுவில் 'ஸோ' இருக்கிறதா? இல்லை. மனப்பாடமாகவே சரியாக வைத்திருக்கிறோம்!

ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இந்த 'ஒரு முடிச்சு' கணக்குக்கு ஒப்பவில்லை. "ஏம்மா, நாங்க ரென் அண்ட் மார்ட்டின்ல 'தோ... யெட்'னு ஜோடியாத்தானே படிச்சோம்? இப்ப தப்புங்கறீங்களே?" அவர் சொன்னது சரிதான். 1930-களில் வந்த அந்தப் புத்தகம் 'தோ'வையும் 'யெட்'டையும் 'ஐதர்-ஆர்' போல ஜோடிச் சொற்களாகவே தருகிறது. "தப்பு இல்லை சார், கொஞ்சம் பழைய நடை. ஆனா 'யெட்' வரலாம்னு 'பட்'டையும் கூட்டிக்கிட்டு வராதீங்க" என்றேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

'அன்லெஸ்' கதை வேறு. "டிக்கெட் எடுக்காவிட்டால் ஃபைன் கட்டணும்" என்பதில் மறுப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது. அதை அப்படியே பெயர்த்து "அன்லெஸ் யூ டோன்ட் பை அ டிக்கெட்" என்று தொடங்கினால், டிக்கெட் எடுத்தவர்தான் ஃபைன் கட்ட வேண்டியிருக்கும். 'அன்லெஸ்' வயிற்றிலேயே ஒரு 'இல்லை' உண்டு, இன்னொன்று கூடாது. எலெக்ட்ரிக் ட்ரெயினில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால், கட்டணத்துக்கு மேல் குறைந்தது 250 ரூபாய் அபராதம். இந்த உதாரணம் என் வகுப்பில் யாருக்கும் மறப்பதில்லை.

'உம்' என்றால் 'அண்ட்' என்று படித்து வைத்திருப்பவர்களும் உண்டு. நன்னூல் 'உம்'முக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. "அம்மாவும் அப்பாவும்" என்கிற எண்ணும்மை மட்டுமே 'அண்ட்'. "நானும் வரேன்" என்றால் 'டூ'. "யாரும் வரலை" என்றால் 'நோபடி'. இதற்குமேல் வகுப்பில் நான் போவதில்லை, தலை சுற்றும்.

வாக்கியத்தை 'அண்ட்', 'பட்' என்று தொடங்கலாமா என்பது வங்கித் தேர்வுப் பிள்ளைகளின் நிரந்தரக் கேள்வி. பள்ளியில் கூடாது என்று அடித்திருப்பார்கள். 1611-இல் வெளியான இங்கிலீஷ் பைபிளில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், அநேகமாக வசனத்துக்கு வசனம் 'அண்ட்'தான் ஆரம்பம். எபிரேய மூலம் அப்படிக் கோத்துக்கொண்டு போவதால் மொழிபெயர்த்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இன்றைய செய்தித்தாளிலும் 'பட்' என்று தொடங்கும் வாக்கியம் சாதாரணம். ஆகவே தாராளமாகத் தொடங்கலாம். பரீட்சைத் தாளில் மட்டும் வேண்டாம். திருத்துகிறவர் எந்தப் பள்ளியில் படித்தவரோ!