உப்பளம் வரைக்கும் சோறு

தை பிறந்துவிட்டால் கொங்கு நாட்டுச் சாலைகளில் ஓரப் பகுதி நடக்கிறவர்களுக்கு என்று ஆகிவிடுகிறது. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகவும், ஈரோட்டுப் பக்கமிருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகவும் பழனியைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி, கழுத்தில் மாலை, தோளில் துண்டு, இருட்டில் வண்டிக்காரர் கண்ணில் படுவதற்காக முதுகுப் பையில் ஒட்டிய ஒளிரும் பட்டை. வெயில் ஏறுமுன் ஒரு நடை, இறங்கிய பிறகு ஒரு நடை.

எல்லோர் கண்ணும் நடக்கிறவர்கள் மேல்தான் இருக்கும். எனக்குச் சாலையோரப் பந்தல்கள்தான் பெரிதாகப் படும். நாலு மூங்கில், மேலே தென்னங்கீற்று அல்லது தார்ப்பாய், அண்டாவில் எலுமிச்சைச் சாதமோ தக்காளிச் சாதமோ, பக்கத்தில் மோர்ப் பானை. காலில் கொப்புளம் கண்டவர்களுக்குத் தேய்த்துக்கொள்ள எண்ணெய்க் கிண்ணம்கூட சில இடங்களில் இருக்கும். பந்தலில் நிற்கிற எழுபது வயது அம்மா, பேரன் வயதுப் பையனைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிடுவார்.

“சாமி, ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க.”

“வேண்டாங்கம்மா, இப்பத்தான் முன்னால பந்தல்ல சாப்டோம்.”

“அது அங்கங்க சாமி. நம்ம கையில கொஞ்சம் வாங்கிக்கோணும்.”

பசிக்காகப் போடுகிற சோறு மட்டும் இல்லை இது. முழங்கால் வலி உள்ளவர், தோட்டத்தையும் மாட்டையும் விட்டு நகர முடியாதவர், படுத்த படுக்கையாக ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர், இவர்களெல்லாம் தங்கள் பங்கு யாத்திரையை இந்தக் கரண்டி வழியாகத்தான் நடக்கிறார்கள். சாப்பிட மறுத்தால் அந்த அம்மாவுக்கு வருத்தம் வருவது அதனால்தான். பழைய நாளில் வண்டி கட்டிக்கொண்டு, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு பழனிக்குப் போன குடும்பங்களின் வழக்கத்தில் வந்தது இது.

கொங்கு நாட்டுக்காரரின் நடை மலையில் முடியும். நமக்குக் கடல் கிடையாது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடி கட்டிப் பழனிக்கு நடக்கிறவர்களும் தண்ணீரை மலைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். எடப்பாடி பருவதராஜகுலத்தாரின் காவடிக் கூட்டம் தைப்பூசத்துக்குப் பிறகு பழனி மலைக்குப் போய், டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்து படைத்து, ஓர் இரவு மலைமேலேயே தங்குகிறது. வேறு யாருக்கும் இல்லாத உரிமை அது. கடலில் முடிகிற நடையைப் பார்க்கத் திருச்செந்தூருக்குத்தான் போக வேண்டும். தென்மாவட்டங்களிலிருந்து நடந்து வருகிறவர்கள் அங்கே கடலில் முங்கி எழுந்து, நாழிக்கிணற்று நல்ல தண்ணீரில் குளித்துவிட்டு முருகனைப் பார்க்கிறார்கள். இலங்கையில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கும் கதிர்காமப் பாதயாத்திரை கிழக்குக் கடற்கரை ஓரமாகவே இறங்கிப் பிறகு காட்டுக்குள் நுழைகிறது. ஸ்பெயினில் சாந்தியாகோ கோயிலுக்கு வாரக்கணக்கில் நடந்து வருகிறவர்களில் சிலர் கோயிலோடு நிற்காமல், மேற்கே இன்னும் சுமார் 90 கிலோமீட்டர் நடந்து ஃபினிஸ்தெரே முனையில் அட்லாண்டிக் கடலைப் பார்த்த பிறகுதான் நடையை முடித்ததாக நினைக்கிறார்கள்.

கொங்கு மண்ணில் வேர்விட்டுக் கடல் ஓரம் போய் முடிந்த நெடுநடை ஒன்று நம் கணக்கிலும் உண்டு. 1930 ஏப்ரலில் நடந்தது. காங்கிரஸ் வரலாறாகவும் சுதந்திரப் போராட்டப் பாடமாகவும் அதைப் படித்திருக்கிறோம். பழனிச் சாலைப் பந்தலில் நின்று யோசித்தால் அது வேறு மாதிரி புரிகிறது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜியின் காந்தி ஆசிரமம் 1925 பிப்ரவரியில் தொடங்கியது. நிலம் தந்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். திறந்து வைத்தவர் ஈரோட்டிலிருந்து வந்த பெரியார். கதர் நூற்பது, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று மழை பொய்த்த கிராமங்களில் ஆசிரமம் வேலை செய்தது. மதுவிலக்குக்காக அங்கிருந்து வந்த ‘விமோசனம்’ பத்திரிகையில் ராஜாஜியோடு கல்கி உழைத்தார். தண்டியில் காந்தி உப்பு எடுத்த 1930 ஏப்ரல் 6-க்கு அடுத்த வாரமே தமிழ்நாட்டு உப்பு சத்தியாகிரக நடை தொடங்கியது. அதை நடத்தியவர் இந்த ஆசிரமத்துக்காரர். அப்போது ராஜாஜிக்கு 51 வயது. நடக்கிறவர்கள் பாடுவதற்குப் பாட்டு எழுதித் தந்தவரும் கொங்குக்காரர்தான், காவிரிக்கரை மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. வழி நெடுக அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே போனார்கள். 1949-இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது.

ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். ஜாலியன் வாலாபாக் படுகொலையின் நினைவு நாளும் அதுதான். திருச்சி கன்டோன்மென்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு பேர் கிளம்பினார்கள். சேர வேண்டிய இடம் 150 மைல் தொலைவில், வேதாரண்யம். காலையில் ஐந்து மைல், மாலையில் ஐந்து மைல் என்று கணக்கு. கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. மேட்டூர் அணை கட்டி முடிய இன்னும் நாலு வருஷம் இருந்த காலம், அதுவும் சித்திரை வெயில்.

அப்போது தஞ்சாவூர் கலெக்டர் ஜே.ஏ. தார்ன்.  நடக்கிறவர்களைத் தடுக்க அவர் ஒரு வழி பார்த்தார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 157-ஆம் பிரிவைக் கையில் எடுத்தார். சட்டவிரோதக் கூட்டத்துக்கு இடம் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று சொன்ன பிரிவு அது. சத்தியாகிரகிகளுக்கு யார் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் அவர்கள் மேல் இது பாயும் என்று ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள், துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். சோறும் திண்ணையும் இல்லாவிட்டால் நூறு பேரும் இரண்டு நாளில் திருச்சிக்குத் திரும்பிவிடுவார்கள் என்பது கலெக்டரின் கணக்கு.

காகிதத்தில் பார்த்தால் கெட்டிக்கார உத்தரவுதான். ஆனால் அதை எழுதியவருக்கு இந்த நாட்டில் நடந்து போகிறவனுக்கும் வழியோரத்து வீட்டுக்கும் இடையில் இருக்கிற உறவு தெரியவில்லை. சத்திரம் கட்டுவதும், சுமைதாங்கிக் கல் நடுவதும், தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் இங்கே புண்ணியக் கணக்கு. பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். அதைக் குற்றம் என்று அறிவித்த நாளில், அதுவரை அரசியல் பேசாத வீட்டுக்காரரும் சட்டத்தை மீற வேண்டியவராகிவிட்டார். ராஜாஜி மேடை போட்டுப் பேசிச் சேர்த்திருக்கக்கூடிய ஆட்களைவிட அதிகம் பேரை அந்தத் தண்டோரா சேர்த்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சோறு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் படிக்கும்போது மனசு நிறைந்துவிடும். நேருக்கு நேர் பரிமாறினால்தானே குற்றம்? சாலையோர மரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் இளைப்பாற உட்கார்ந்தால், சாப்பாடு எங்கே மறைத்து வைத்திருக்கிறது என்று யாராவது ஜாடை காட்டிவிட்டுப் போவார்கள். போட்டது யார் என்று போலீசுக்கும் தெரியாது, சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது. எந்த ஊரில் எந்த அம்மா விடியலுக்கு முன் எழுந்து வடித்த சோறு அது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. 150 மைலுக்கு அந்தக் கூட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான்.

ஒளிக்காமல் போட்டவர்களும் இருந்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு அய்யர் சத்தியாகிரகிகளைத் தன் வீட்டிலேயே வரவேற்று விருந்து வைத்தார். ஆறு மாதம் சிறைக்குப் போனார். உப்பைத் தொடவில்லை, கடற்கரைக்கும் போகவில்லை. வாசலுக்கு வந்தவர்களுக்கு இலை போட்டார், அவ்வளவுதான். இந்த நடையின் தியாகிகளை வரிசைப்படுத்தச் சொன்னால் தலைவர்கள் பக்கத்திலேயே அவர் பெயரையும் எழுதுவேன்.

நிலைமை கைமீறிய பிறகு தார்ன் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு எப்போதாவது பக்தி இருந்திருந்தால், அது இப்போது செத்துவிட்டது என்பது அதன் சாரம். தன் உத்தரவு தோற்றதை அந்த அதிகாரியே எழுதி வைத்ததாகத்தான் அதைப் படிக்கிறேன்.

ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அது பாடல் பெற்ற தலம், தேவாரத்தில் திருமறைக்காடு. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோயில் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது தலவரலாறு. அமாவாசைக்குக் கோடியக்கரைக் கடலில் நீராட வருகிறவர்களுக்கு ஊர் சோறு போட்டுப் பழகியிருந்தது. இந்த நூறு பேருக்கு இடமும் ஆதரவும் தந்து முன்னால் நின்றவர் உள்ளூர்க்காரரான வேதரத்தினம் பிள்ளை. பின்னால் சர்தார் என்று பட்டம் பெற்று, 1946-இல் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கியவர் அவர்தான். அதே ஊரில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டார். மிச்சத்தை முடிக்கச் சொன்ன மாஜிஸ்திரேட்டிடம், வேண்டுமானால் நீங்களே முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சிறைக்குப் போனார் என்று வேதாரண்யத்தில் சொல்கிறார்கள். சோறு போட்டவருக்குச் சிறை என்றால், சேவை செய்ய மறுத்தவருக்கும் சிறை.

ஏப்ரல் 30 விடியலில் ராஜாஜி ஒரு சிறு குழுவோடு அகத்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போய் உப்பை அள்ளினார். அங்கேயே கைது, அன்றைக்கே ஆறு மாதச் சிறைத்தண்டனை. நீலக்கடலும் அலையும் வைத்து இந்தக் காட்சியைப் படமாக வரைகிறார்கள். வேதாரண்யத்துக் கரை அப்படி இருக்காது. கால் புதைகிற சேறு, அதன் மேல் வெயிலில் பூத்த வெள்ளை. நடையின் எல்லை அந்தச் சதுப்புதான். அங்கே அள்ளிய பிடி உப்புக்குப் பின்னால், சுமார் 37 கிலோ உப்புக்கு 1 ரூபாய் 4 அணா என்று ஏழைக் கஞ்சியிலும் கைவைத்த வரி இருந்தது.

கடல் இல்லாத கொங்கு நாட்டுக்காரருக்கு இதில் தனியாக ஓர் அக்கறை இருந்திருக்க வேண்டும். சங்க இலக்கியத்து உமணர்கள் காலம் தொட்டே உள்நாட்டுக்கு உப்பு வண்டியேறித்தான் வந்தது. நெல்லைக் கொடுத்து வாங்கினார்கள். காலங்காலமாகக் கடலோரத்திலிருந்து உப்பு நம்மை நோக்கி வந்த திசைக்கு நேர் எதிராக இந்த நூறு பேரும் நடந்தார்கள். நாமக்கல் கவிஞரின் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற காவிரி கடலுக்குப் போகிற நாட்டின் வழியாகத்தான் அவர் பாட்டும் போயிற்று.

உப்பு வரி 1947-இல் நீங்கியது. வேதாரண்யத்தில் உப்பளங்கள் இன்னும் இருக்கின்றன, தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு விளைவது அங்கேதான். ஆண்டுதோறும் சித்திரையில் திருச்சியிலிருந்து ஒரு நினைவு நடைப்பயணம் கிளம்பி ஏப்ரல் 30-ஐ ஒட்டி அகத்தியம்பள்ளி நினைவுத் தூணைச் சேர்கிறது. பழனிக்கு நடக்கிற நம் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு நடை இருப்பதே தெரியாது என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். புதுப்பாளையத்துப் பிள்ளைகளும் நாமக்கல் பிள்ளைகளும் ஒரு வருஷமாவது அதில் போக வேண்டும்.

நடக்க முடியாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. கோவையிலிருந்து மன்னார்குடி போகும் செம்மொழி எக்ஸ்பிரஸ் ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், நீடாமங்கலம் என்று ஏறக்குறைய அந்த வழியையே பிடித்துப் போகிறது. மன்னார்குடியில் இறங்கித் திருத்துறைப்பூண்டிக்குப் பஸ். அங்கிருந்து அகத்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகல ரயில்பாதை 2023 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். அப்படிப் போகும்போது கும்பகோணத்துக்கும் ஒதுங்கி ஒரு நாள் தங்கி, பந்துலு அய்யர் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று விசாரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.