ஒரே கேள்வி, நான்கு முறை: கலேவலாவின் யாப்பு

பின்லாந்து மருத்துவர் எலியாஸ் லொன்ரோத், கரேலியாவின் பாடகர்களிடம் கேட்டெழுதிய பழம்பாடல்களைக் கோத்து அமைத்த கதைக் காவியம் கலேவலா. 1849இல் வந்த விரிவான பதிப்பில் 50 பாடல்கள், 22,795 அடிகள்.

அடிக்கு எட்டு அசை, இரண்டிரண்டாய் நான்கு சீர். இங்கே அசை என்பது நம் நேர், நிரை அன்று. உயிரொலிக்கு ஒன்று என்ற கணக்கு. பின்னிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதலசையில் விழும். அந்த அசை நெடியதானால் சீரின் முதலிலும், குறியதானால் சீரின் இரண்டாமிடத்திலும் நிற்க வேண்டும். முதற்சீருக்கு மட்டும் விலக்கு உண்டு. இதனால் பல அடிகளில் சொல்லின் அழுத்தம் ஓரிடத்திலும் பாட்டின் தட்டு வேறிடத்திலும் விழுகிறது. இத்தனை ஆயிரம் அடிகள் அலுக்காமல் ஓடுவது இந்த உரசலால்தான். இந்த யாப்பை 1855இல் 'ஹயவாதா' என்ற நெடுங்கவிதைக்கு எடுத்துக்கொண்ட அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் ஆங்கிலத்தில் அந்த உரசல் இல்லை. சில பக்கங்களிலேயே தட்டு ஒரே சீராகி விடுகிறது.

எதுகையையோ இயைபையோ இதில் தேட வேண்டாம். அடியைக் கட்டுவது மோனை. முதல் மெய் மட்டும் ஒத்தால் அது மெலிந்த மோனை. மெய்யோடு உயிரும் ஒத்தால் வலியது. மோனைக்கு உயிரின் இனமும் பார்க்கும் நமக்கு இது உடனே பிடிபடும்.

திரும்பக் கூறல்தான் இக்காவியத்தின் உயிர். ஓரடி சொன்னதை அடுத்த அடி வேறு சொற்களால் மீண்டும் சொல்லும். பாடகருக்கு அது நினைவின் பிடி. கேட்பவருக்குப் பொருளை உள்வாங்க அவகாசம். கதையே இப்படித் திரும்புவதும் உண்டு. 15ஆம் பாடலில், காணாமல்போன மகன் லெம்மின்கைனனைத் தாய் தேடுகிறாள். மரத்தைக் கேட்கிறாள்; வெட்டுப்படும் தன் துயரை அது சொல்கிறது. பாதை, மிதிபடும் துயரைச் சொல்கிறது. நிலவு, குளிரில் தனித்துத் திரியும் துயரைச் சொல்கிறது. நான்காவதாகக் கேட்ட கதிரவன்தான் மகன் இறந்த செய்தியைச் சொல்கிறான். கேள்வி மாறுவதில்லை, விடைதான் மாறுகிறது. மும்முறை ஏமாந்த செவியில் அந்த நான்காம் விடை இடியாய் இறங்குகிறது. திரும்பக் கூறலை ஆராய்பவர் எது திரும்புகிறது என்பதைவிட, எது மாறுகிறது என்றே முதலில் பார்க்க வேண்டும்.

உதயணன் என்ற பெயரில் எழுதிய ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம், கலேவலாவைத் தமிழில் கவிதையாகவே தந்திருக்கிறார்; அது 1994இல் வெளிவந்தது. அதில் இந்த 15ஆம் பாடலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.