1857: கலகமும் சர்வகலாசாலையும்

இந்திய சரித்திரத்தில் 1857 ஆம் ஆண்டு என்றதும் மீரத்து, தில்லி, கான்பூர் என்னும் பெயர்களே நினைவிற்கு வரும். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டன என்பதை எண்ணுவோர் சிலரே.

இரு நிகழ்ச்சிகளின் நாட்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். கல்கத்தாச் சர்வகலாசாலைச் சட்டம் சனவரி 24 இல் நிறைவேறியது. அந்நாட்களிலேயே, அந்நகருக்கு அண்மையிலுள்ள டம்டம் பாசறையில், புதிய தோட்டாக்களிற் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற பேச்சுப் பரவிக்கொண்டிருந்தது. மே 10 இல் மீரத்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாள் தில்லி அவர் வசமாயிற்று. பம்பாய்ச் சட்டம் யூலை 18 இல் நிறைவேறிற்று. அதற்கு முதல் நாளே ஆங்கிலப் படை கான்பூரை மீட்டிருந்தது. செத்தெம்பர் 5 இற் சென்னைச் சட்டம் நிறைவேறியபோதும் தில்லி கிளர்ச்சியாளர் கையிலேயே இருந்தது. இடையே, யூன் 13 இல், பத்திரிகைகளை அடக்கும் சட்டமொன்றையும் அதே அரசாங்கம் இயற்றியது.

ஆட்சி ஆட்டங்கண்ட வேளையிற் கல்விக்குச் சட்டஞ் செய்தமை கானிங் பிரபுவின் மனவுறுதியைக் காட்டும் என்பாருளர். அது முன்னரே வடம்பிடித்த தேர் எனலே பொருந்தும். சாள்ஸ் வூட்டின் கல்வி அறிக்கை 1854 இலேயே வந்துவிட்டது. சென்னைவாசிகளோ 1839 இலேயே, ஏறத்தாழ எழுபதினாயிரவர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தால், சர்வகலாசாலை வேண்டிநின்றனர். அவ்வகையில் அது முழுவதும் ஆள்வோர் இட்ட பிச்சையன்று.

இலண்டன் சர்வகலாசாலையைப் பின்பற்றிய இம்மூன்றும் தொடக்கத்திற் கற்பிக்கும் இடங்களல்ல. கல்லூரிகள் கற்பித்தன, சர்வகலாசாலை பரீட்சை நடத்திப் பட்டமளித்தது. பட்டம் உத்தியோகத்திற்கு வாயிலாயிற்று. ஆங்கிலங் கற்றோர் பெரும்பாலும் கலகத்திற் சேராது ஒதுங்கி நின்றமைக்கு இஃதொரு காரணம். பழைய அரசர் மீளுதலை அவர் விரும்பாமையும் மற்றொன்று. அவரைக் கோழையர் எனல் எளிது. அவர்தம் வழி வேறாயிருந்தது. பம்பாயின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான மகாதேவ கோவிந்த ரானடே, 1885 இல் இந்திய தேசிய காங்கிரசு கூடியபோது அங்கிருந்தார்.

கல்கத்தாவின் முதற் பட்டதாரிகள், 1858 இற் சித்தியெய்திய பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரும் யதுநாத் போசும் ஆவர். சென்னையின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்: சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இருவரும் 1855 இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்றவர்கள். புதிய சர்வகலாசாலை அவர்களைப் பரீட்சித்ததேயன்றிப் பயிற்றவில்லை.

தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் அச்சிற் பதிப்பித்தார். பட்டம் சென்னை அளித்தது. அவருக்குத் தமிழ் அறிவுறுத்தியவரோ சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயர்.