முறியும் முன்பே ஏன் அறுவை?

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தொடங்கும் புற்றுநோய் எலும்புக்கு அடிக்கடி பரவும். பெரும்பாலும் புற்றுச்செல்கள் எலும்பை நேரடியாகத் தின்பதில்லை. எலும்பைக் கரைப்பதற்கென்றே உடலில் இருக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை ஏவிவிடுகின்றன. தொடை எலும்பின் மேற்பகுதி இப்படி அரிக்கப்பட்டால், கட்டிலிலிருந்து எழும்போதே முறியலாம். அந்த முறிவு எளிதில் ஒன்றுசேராது.

ஆகவே மருத்துவர்கள் முந்திக்கொண்டு அறுவை செய்கிறார்கள். யாருக்குத் தேவை? 1989இல் மிரெல்ஸ் வெளியிட்ட மதிப்பெண் முறை இன்றும் பயன்படுகிறது: அரிப்பின் இடம், அளவு, தன்மை, வலி. மொத்தம் 12 மதிப்பெண்; 9 அல்லது அதற்கு மேல் என்றால் அறுவை. நோயாளி சொல்லும் வலிக்கும் இதில் எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்குச் சமமான மதிப்பெண் உண்டு. நியாயம்தான்.

நோக்கம் பொதுவாகக் குணப்படுத்துவதல்ல, வலியைக் குறைத்துச் சீக்கிரம் நடக்கவைப்பது. எலும்பின் உள்குழாயில் நீண்ட உலோகத் தண்டு இறங்கும். குழிகளை எலும்பு சிமென்ட் நிரப்பும். மூட்டருகே அழிந்திருந்தால் செயற்கை மூட்டு. சிறுநீரகப் புற்றின் பரவலைத் தொட்டால் ரத்தம் கொட்டும். அதனால் ரத்தக்குழாயை முன்கூட்டியே அடைப்பதுண்டு. காயம் ஆறியதும், மிஞ்சிய செல்களுக்குக் கதிர்வீச்சு.