நோன்புக்காகவா நோபல் பரிசு?



ரமளான் நெருங்கினாலே நம் கைபேசிகளுக்கு ஒரு செய்தி வந்துவிடுகிறது. நோன்பின் பயனைக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானிக்கு நோபல் பரிசு கிடைத்தது என்கிறது அது. பரிசு கிடைத்தது உண்மை. அவர் நோன்பை ஆராய்ந்தார் என்பது உண்மையல்ல.

அவர் பெயர் யோஷினோரி ஓசுமி. 1945-ல் பிறந்தவர், செல் உயிரியல் பேராசிரியர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தமக்கென ஆய்வுக்கூடம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. அங்கே அவர் ஆராய்ந்தது, ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்டை.

ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு பை உண்டு. செல்லின் தேவையற்ற பகுதிகள் அதற்குள் போய்ச் சிதைகின்றன. அது வேகமாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை. குப்பை வண்டி ஒழுங்காக வரும் தெருவில் எவ்வளவு குப்பை சேர்கிறது என்று தெரியாதல்லவா, அதுபோல. எனவே ஓசுமி, சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்து, அதற்கு உணவில்லாமல் செய்து நுண்ணோக்கியில் பார்த்தார். சில மணி நேரத்தில் பை முழுவதும் சிறு உருண்டைகள் நிறைந்திருந்தன. 1992-ல் இதை வெளியிட்டார். மறு ஆண்டே, இந்தப் பணிக்குத் தேவையான 15 மரபணுக்களை அவருடைய ஆய்வுக்கூடம் அடையாளம் கண்டது.

செல் தன் பகுதிகளைத் தானே உண்டு மீண்டும் பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு ஆட்டோபேஜி என்று பெயர். மனித செல்களிலும் இது உண்டு. இது இயங்கும் விதத்தை விளக்கியதற்காகவே 2016-ல் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

ஆக, பரிசு பெற்ற அந்த ஆய்வில் இருந்தது பட்டினி கிடந்த ஈஸ்ட். நோன்பிருந்த மனிதர் அல்லர். இதைக் காட்டி, நோன்பு வைத்தால் சர்க்கரை நோய் தீரும் என்று எழுதுவது தவறு. அதை நம்பி ஒருவர் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நோன்பு அல்லாஹ்வுக்காக நாம் நிறைவேற்றும் கடமை. அதற்கு நோபல் பரிசின் சான்று தேவையில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது.

எனவே, மருந்து எடுத்துக்கொள்பவர்கள் ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் செல்வது பிள்ளைகளின் பொறுப்பு. அந்தச் செய்தி மீண்டும் வந்தால், பிறருக்கு அனுப்பாமல் உண்மையை எடுத்துச் சொல்லுங்கள்.

செயலாளர்