சேர்வராயன் மலைத் தோட்டத்துக்கு ஒரு கருவிப் பட்டியல்

கோடை தொடங்கியதும் சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் ஒரு வண்டு பறக்க ஆரம்பிக்கிறது. அதன் பெயர் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். இந்தியாவில் அரபிகா காபிக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. காபித் தண்டில் பொருக்குவிட்ட பட்டையின் வெடிப்புகளில் பெண் வண்டு முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு தண்டுக்குள் புகுந்து குடைந்துகொண்டே போகும். இலை மஞ்சளித்து வாடுவது வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி அரிக்கப்பட்டிருக்கும்.

இந்த வண்டைத் தடுக்கும் கருவிகளில் ஒன்று, தேங்காய் நாரில் செய்த கையுறை. வண்டு பறக்கும் காலத்துக்கு முன்பே அதை மாட்டிக்கொண்டு தண்டைத் தேய்த்தால் பொருக்குப் பட்டை உதிர்ந்துவிடும்; முட்டையிட வெடிப்பு இருக்காது. கையுறை இல்லையென்றால் தேங்காய் மட்டையே போதும். கத்தியாலோ இரும்புத் தகட்டாலோ சுரண்டினால் பட்டை காயப்படும் என்பதால் அவை கூடாது.

இவ்வளவு மலிவான பொருளுக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்த ஒருவர் சொன்னால்தான் புதிதாகத் தோட்டம் பார்க்க வந்தவருக்கு அது தெரியவரும். ஒரு தொழிலில் அனுபவப்பட்டவர்கள் ‘இந்த வேலைக்கு இந்தக் கருவி, இந்தச் சந்தேகத்துக்கு இந்த அலுவலகம்’ என்று எழுதித் தரும் பட்டியலின் அருமை இங்கேதான் புரியும். அப்படியொரு பட்டியலை எப்படி எழுத வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள இந்த மலையிலுள்ள ஏற்காடு நல்ல இடம்.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இந்த மலை காபியோடு வாழ்ந்துவருகிறது; இன்று சில்வர் ஓக் நிழலும் மிளகுக் கொடியும் அதற்குத் துணை. பெரிய எஸ்டேட்டுகள் உண்டு. அவற்றுக்கு மேலாளரும் மேஸ்திரியும் பழைய குறிப்பேடுகளும் உண்டு. ஆனால் இந்தியாவின் காபித் தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேற்பட்டவை பத்து ஹெக்டேருக்குக் குறைந்தவை. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் உட்படப் பல குடும்பங்கள் கொஞ்ச நிலத்தில்தான் காபி வைத்திருக்கின்றன. வேண்டாத ஒரு கருவியை வாங்கி மாட்டிக்கொண்டால் அந்த ஆண்டு வரவில் பெரிய ஓட்டை விழும். நல்ல பட்டியல் முதலில் வேண்டியது இவர்களுக்குத்தான்.

வேலை முதலில், கருவி பிறகு

கடைக்காரர் தரும் பட்டியல் பொருளில் தொடங்கும்: தெளிப்பான், களை அறுக்கும் இயந்திரம், கத்திரி, பொறி. தோட்டக்காரருக்கோ மாதமும் வேலையும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே பட்டியலும் தோட்டத்து ஆண்டைப் பின்பற்றினால் படிப்பவர் தமக்கு வேண்டியதை உடனே எடுத்துக்கொள்வார்.

அறுவடை முடிந்ததும் கவாத்து. அதற்குக் கூரான கவாத்துக் கத்திரியும் சிறு வாளும் வேண்டும். மார்ச், ஏப்ரலில் பூ மழை. காபி மொட்டு மலர ஏறக்குறைய 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை ஒரு நல்ல மழை தேவை; அதற்குக் குறைந்தால் பூப்பு சரியாக இராது. வானத்தைப் பார்த்து ‘நல்ல மழை’ என்று சொல்வதும் அளந்து 18 மில்லிமீட்டர் என்று எழுதிவைப்பதும் வேறு வேறு. நீர் வசதியுள்ளவர் தெளிப்பு நீர் பாய்ச்சுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது இந்த எண்ணை வைத்துத்தான். எனவே மழைமானி பட்டியலில் மேலே இடம்பெற வேண்டிய கருவி.

தண்டுத் துளைப்பான் ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் என இரண்டு முறை பறக்கும். அதற்கு நார்க் கையுறையோடு இனக்கவர்ச்சிப் பொறியும் உண்டு. ஆண் வண்டு சுரக்கும் வாசனையைச் செயற்கையாகச் செய்து பொறியில் வைத்தால் பெண் வண்டு தேடி வரும். ஹெக்டேருக்கு 25 பொறி என்பது பரிந்துரை. பொறியைத் தொங்கவிட்டதோடு வேலை முடிந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தாக்கப்பட்ட செடிகளை வண்டு வெளிவரும் முன் அடையாளம் கண்டு, பிடுங்கி எரிப்பதும், நிழலைச் சரியாக வைத்திருப்பதும் சேர்ந்தால்தான் பலன். ‘பொறி வாங்குங்கள்’ என்று மட்டும் சொல்லும் பட்டியல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

பருவமழைக்கு முன்னும் பின்னும் இலைத் துருநோய்க்குப் போர்டோக் கலவை தெளிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அது. சுண்ணாம்பு குறைந்தால் இலை கருகும். கலவை சரியா என்று பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. பளபளப்பான ஒரு கத்தியைச் சற்று நேரம் கலவையில் விட்டு எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இப்படி வீட்டில் இருக்கும் பொருளே போதும் என்று சொல்வதும் பரிந்துரைதான்.

நவம்பரிலிருந்து பழம் பறிப்பு. செடியடியில் விரிக்கப் படுதா. பழம் கீழே சிதறிக் கிடந்தால் காய்த் துளைப்பான் என்ற வண்டு அதில் தங்கி அடுத்த ஆண்டுக்குப் பெருகும். பிறகு பழத்தோலை நீக்கும் பல்பர், உலர்த்தும் களம், ஈரப்பதமானி. தோல் நீக்கிய பார்ச்மெண்ட் காபியைப் பத்து சதவீத ஈரப்பதம் வரை காயவைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூசணம். அளவுக்கு மீறிக் காய்ந்தால் எடை இழப்பு, கொட்டையும் உடையும்.

யாருக்கு வேண்டாம்?

ஒரு பொருளைப் பாராட்டி எழுதுவது எளிது. அது யாருக்குத் தேவையில்லை என்று எழுத அனுபவம் வேண்டும்.

பல்பரை எடுத்துக்கொள்வோம். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்க வேண்டும். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். கழிவு நீரை ஓடையில் விடாமல் தேக்கிச் சுத்திகரிக்க இடம் வேண்டும். ஒரு நாளைக்குச் சில கூடைப் பழம் மட்டுமே வரும் தோட்டத்துக்குத் தனிப் பல்பர் கட்டுப்படியாகாது. பழத்தை அப்படியே காயவைத்து விற்பதோ நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பல்பர் வைத்துக்கொள்வதோ மேல். ஈரப்பதமானிக்கும் இதே கணக்குதான். ஆண்டில் சில வாரங்களே பயன்படும் கருவி ஊருக்கு ஒன்று இருந்தால் போதும்.

மண்ணைக் கிளறும் இயந்திரங்கள் இன்னோர் எடுத்துக்காட்டு. சமவெளியில் அவை கைகொடுக்கும். இங்கோ சரிவு நிலம். காபியின் உணவு தேடும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். கிளறினால் வேர் அறுபடும், அடுத்த மழையில் மண் கரைந்துபோகும். களையைத் தரையோடு அறுத்து விடுவதே இங்கே முறை. இடம் தெரியாமல் செய்யும் பரிந்துரை தீங்கில்தான் முடியும்.

பட்டியலுக்கும் வயதாகும்

பழைய காபிக் கையேடுகளில் தண்டுத் துளைப்பானுக்கு லிண்டேன் பூசச் சொல்லியிருக்கும். அன்றைக்கு அது ஆராய்ச்சி நிலையமே ஏற்ற மருந்து. லிண்டேன் தயாரிப்பை 2011 மார்ச்சிலும் பயன்பாட்டை 2013 மார்ச்சிலும் இந்திய அரசு தடை செய்துவிட்டது. 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லிக்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. விளைபொருளில் அதன் எச்சத்துக்கான வரம்பையும் மிகக் கீழே இறக்கியது. இந்தியக் காபியின் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. இத்தாலியும் ஜெர்மனியும் முக்கியமான சந்தைகள். அங்கே மாறும் ஒரு விதி ஏற்காட்டுத் தோட்டக்காரரின் தெளிப்பான் வரை வந்துசேரும்.

1990-இல் நீலகிரி மாவட்டத்தில் கண்டறியப்படும் வரை காய்த் துளைப்பான் இந்தியாவில் இல்லை. அதற்கு முந்தைய எந்தப் பட்டியலிலும் அதற்கான பொறி இருக்காது. 2007-இல் வெளியான சந்திரகிரி ரகம் குட்டையானது. உயர்ந்து வளரும் எஸ்.795 ரகத்துக்குச் சொன்ன இடைவெளி அதற்குப் பொருந்தாது. ஆகவே பட்டியலின் தலைப்பிலேயே தேதி இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து, செல்லாததை அடித்துவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும்.

உலகம் கண்ட நல்ல பட்டியல்கள்

1968-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டூவர்ட் பிராண்ட் என்பவர் ‘ஹோல் எர்த் கேட்டலாக்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். நிலத்துக்குத் திரும்பிப்போய்த் தம் கையால் உழைத்து வாழ விரும்பிய இளைஞர்களுக்கான கருவி, புத்தகப் பட்டியல் அது. அதில் ஒரு பொருள் இடம்பெறச் சில நிபந்தனைகள் இருந்தன. அது கருவியாகப் பயன்பட வேண்டும். தானே கற்றுக்கொள்ள உதவ வேண்டும். தரம் உயர்ந்ததாகவோ விலை குறைந்ததாகவோ இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கக் கூடாது. அஞ்சலில் எளிதாக வரவழைக்க முடிய வேண்டும். 1972-இல் அந்நாட்டின் தேசியப் புத்தக விருது ஒரு பொருட்பட்டியலுக்குக் கிடைத்தது என்றால் அந்த நிபந்தனைகளின் வலிமைதான் காரணம்.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1977-இல் இருநூற்றுச் சொச்சம் மருந்துகளைக் கொண்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அந்த வழியில், 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்குத் தேவையான மருந்துகளை மட்டும் தேர்ந்து, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பத் தொடங்கியது. பல மாநிலங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றின. சந்தையில் உள்ள அத்தனையையும் அடுக்காமல் தேவையானதைத் தேர்ந்ததால் வந்த வெற்றி இது.

காசு யார் கொடுத்தது?

அமெரிக்காவில் 1936-இல் தொடங்கிய ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்தே வாங்குகிறது. அந்த அளவுக்கு எல்லாராலும் முடியாது. பரிந்துரைப்பவருக்குக் கமிஷன் கிடைப்பது தவறும் அல்ல. அதை மறைப்பதுதான் தவறு. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அதை விற்பவருக்கும் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

உரக்கடையில் வேலை பார்ப்பவர் ஒரு மருந்தைச் சொல்லலாம். தாம் அதை விற்பவர் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருந்தால் சரி. வாட்ஸ்அப் குழுவிலும் யூடியூப் காணொளியிலும் வரும் பரிந்துரைகளில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் விடுபட்டுப்போகிறது.

கருவியைப் போலவே ஆட்களும்

விலையில்லாமல் கிடைக்கும் உதவிகளைப் பட்டியல் எழுதுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். காபி வாரியத்தின் விரிவாக்க அலுவலர்கள் ஏற்காட்டிலேயே இருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இங்கே உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் சேலத்தை அடுத்த சந்தியூரில் இயங்குகிறது. காபிக்கென்றே ஒரு மண்டல ஆராய்ச்சி நிலையம் திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியில் இருக்கிறது. தாண்டிக்குடி நிலையத்தின் தாய்நிலையம், 1925-இல் தொடங்கப்பட்ட கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் மத்திய காபி ஆராய்ச்சி நிலையம். மேலும் படித்தறிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் தமிழிலும் கிடைக்கிறது. 1800-180-1551 என்ற கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இவற்றைப் பெயராக மட்டும் எழுதிவைத்தால் பாதிப் பயன்தான். மண்ணின் அமிலத்தன்மை தெரிய வேண்டுமா, மண் மாதிரி எடுத்துக்கொண்டு எங்கே போவது. எந்த ரக விதை எந்த மாதத்தில் கிடைக்கும், யாரிடம் முன்பதிவு செய்வது. இலையில் புதிதாக ஒரு புள்ளி கண்டால் எந்த அலுவலரிடம் காட்டுவது என்று கேள்வியை முன்வைத்து, பக்கத்திலேயே பதிலாக இடத்தை எழுத வேண்டும். சுண்ணாம்பும் உரமும் மண் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகே வாங்கப்பட வேண்டும் என்பதால், அந்தப் பரிசோதனைதான் பட்டியலின் முதல் வரியாக இருக்கத் தகுந்தது.

இந்த மலையில் முப்பது, நாற்பது ஆண்டுகள் காபி வைத்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்ததில் பெரும்பகுதி எங்கும் எழுதப்படவில்லை. பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்ட வீடுகளில் அது அவர்களோடேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. மூத்த தோட்டக்காரர்கள் தாம் கையாண்டு பார்த்த கருவிகளையும் தாம் போய்ப் பயன்பெற்ற அலுவலகங்களையும் ஒரே ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். எழுதச் சிரமப்படுபவர்களிடம் இளையவர்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தேதி போடுங்கள், எது யாருக்கு வேண்டாம் என்பதையும் சேருங்கள், அடுத்த பூ மழைக்கு முன் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையில் ஒரு பிரதியைக் கொடுங்கள்.